பெரியதம்பியின் ரேஷன் பாட்டு

சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத் துளையில் ஆரம்பித்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். பெரியதம்பி தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் இதைச் செய்துவிடுவார். துணியும் கண்ட துணியாக இருக்க முடியாது. மனைவி செல்லத்தின் நூல் சேலை ஒன்று பத்து வருஷம் உடுத்தி நைந்த பிறகுதான் அந்த வேலைக்குப் பக்குவப்படும். துடைத்து முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். புதிதாக ஒரு கீறல் கண்ணில் பட்டால் பல்வலிக்காரர் போல ஒரு பக்கக் கன்னம் சுருங்கும்.

"வட்டமாத் தொடச்சா வட்டமாக் கீறும். வட்டக் கீறல்ல மாட்டுன பாட்டு வெளிய வராது, அங்கயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். நேர்க் கீறல்னா ஒரு தாண்டு தாண்டிப் போயிரும்" என்பார்.

"எம்மூஞ்சிய ஒரு நாளாவது இப்புடி வெளிச்சத்துல சாச்சுப் பாத்திருக்காரா மனுசன்?" என்று செல்லம் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

"ஒன் மூஞ்சியில கீறல் ஏது புள்ள?"

"ஆங், இதுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் மேட்டில், 'செல்லம் சவுண்ட் சர்வீஸ்' என்ற பலகை தொங்கும் தகரக் கூரை வீடு இவர்களுடையது. நான்கு குழாய் ஒலிபெருக்கிகள், இரண்டு பெட்டிகள், இரண்டு ஆம்ப்ளிபயர்கள், ஒரு சரக்கு ஆட்டோ. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், வங்காளிகளின் துர்கா பூஜை, மலையாளிகளின் ஓணம் எல்லாவற்றுக்கும் பெரியதம்பிதான் மைக் செட். ஐம்பத்தொரு வயது. ஒல்லியான உடம்பு. யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்துத்தான் கேட்பார். ஆட்களை அவர் நினைவில் வைப்பது முகத்தை வைத்து அல்ல, குரலை வைத்து. "அந்தக் கண்டிராக்டரா? பேஸ் ஜாஸ்தி, ட்ரெபிளே இல்லாத ஆளு" என்பார். மேட்டு மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர் கிருஷ்ணமூர்த்தி மின்சார இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு முறை சொல்கிற பழக்கம் உள்ளவர். "ஐயாவுக்கு மைக்கே வேணாம். பொறக்கும்போதே எக்கோ வெச்சு அனுப்பிட்டாங்க" என்று பெரியதம்பி அவர் எதிரிலேயே சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நிற்பார்.

குழாயைக் கட்டுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது அவர் வழக்கம். அதற்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு மேட்டில் முதுகைக் காட்டியபடி இரண்டு நிமிடம் நிற்பார். கடல் காற்று முதுகில் எந்த இடத்தில் படுகிறதோ அதை வைத்துக் குழாயின் திசை முடிவாகும். "இங்க காத்து ஒரு மணிக்கு ஒரு புத்தி. மெயின்லேண்டு மாதிரி ஒழுங்கா அடிக்காது" என்று அலுத்துக்கொள்வார். அவர் மெயின்லேண்டில் மொத்தமாக இருந்தது பதினோரு நாள். மண்டபம் முகாமில், பத்து வயதில், இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது.

குழாய்களைக் கட்டி, ஒயரை இழுத்து, ஆம்ப்ளிபயரை முடுக்கியதும், பிள்ளையார் பாட்டுக்கும் முன்னால், தன் காதுக்கு மட்டும் எட்டுகிற சத்தத்தில், அவர் போட்டுப் பார்ப்பது தினமும் துடைக்கும் இந்தச் சிடியைத்தான். பாடுகிறவர் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டுக்காரர். பெயர் கெபா சன்யாங். பெரியதம்பி வாயில் அது 'கெப்பா அண்ணன்'. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டித் தோல் போர்த்தி, இருபத்தொரு நரம்பு கட்டிய கோரா என்ற வாத்தியத்தை மடியோடு அணைத்து வாசிப்பார். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும்தான் வேலை. மழை நின்ற பிறகு தகரக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் நீர் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பது போல இருக்கும் அந்த நாதம். நடுநடுவே கெப்பா அண்ணன் பாடுவார். அவர் என்ன பாடுகிறார் என்பது தீவில் யாருக்கும் தெரியாது.

ஆனால் பெரியதம்பிக்குத் தெரியும். "மொதப் பாட்டுல காணாமப் போன மாட்டத் தேடுறாரு. நாலாவது நிமிசத்துல கெடச்சிருது. அதான் அந்த எடத்துல ஓட்டம் எடுக்குது பாருங்க." பக்கத்து வீட்டு மீன்காரர் மண்டல் பாபு இதை ஒப்புக்கொள்வதில்லை. "மாடு இல்ல பாய், நாவ். படகு. துடுப்புச் சத்தம் கேக்கல?" என்று வங்காளமும் இந்தியும் கலந்த தமிழில் வாதாடுவார். மாடா படகா என்ற வழக்கு நாலு வருஷமாக நடக்கிறது. இரண்டு பேருமே தீர்ப்பை விரும்பாதவர்கள்.

இந்தப் பாட்டுக்கு டெய்ரி ஃபார்மில் வேறொரு பெயர் உண்டு. ரேஷன் பாட்டு.

அந்தப் பெயர் வந்த கதை இது. பெரியதம்பியும் செல்லமும் அதற்கு முன் தெற்கே தள்ளியிருக்கும் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். தோட்டத்து விசேஷங்களுக்கு மைக் செட் அவருடைய உபதொழில். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும், மகள் சங்கவியோடு, மேட்டில் மரங்களுக்கு நடுவே இருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். கரையோரம் இருந்த வீடும் ஆம்ப்ளிபயரும் நூற்றெண்பது கேசட்டுகளும் கடலோடு போயின. கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து போர்ட் பிளேருக்கு வெளியே தகரக் குடியிருப்பில் விட்டார்கள். அங்கே அறிவிப்புச் செய்வதற்கென்று ஒரு பழைய ஆம்ப்ளிபயரும் ஒரு குழாயும் ஒரு சிடி பிளேயரும் வந்தபோது, அவற்றை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் பெரியதம்பி. போடுவதற்குத்தான் ஒரு பாட்டும் இல்லை.

அப்போது லம்பா லைன் பகுதிக்கு விடுமுறையில் வந்திருந்த கப்பல்காரர் சண்முகம், தன் ரேடியோவைச் சரிசெய்து கொடுத்ததற்குப் பதிலாக ஒரு சிடியைக் கொடுத்தார். காம்பியாவின் பாஞ்சுல் துறைமுகத்தில் வாங்கியது. "புரியாது அண்ணே. ஆனா கேட்டா தூக்கம் நல்லா வருது" என்று சொல்லிக் கொடுத்தார்.

பெரியதம்பிக்கு அன்று தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் தண்ணீர் லாரி வந்ததும், ஆட்களைக் கூப்பிடக் குழாயில் அதைத்தான் போட்டார். அரிசி வந்தால் அது. மண்ணெண்ணெய் வந்தால் அது. போர்வை, பால் பவுடர், தடுப்பூசி எல்லாவற்றுக்கும் அதே மாடு, அல்லது அதே படகு. சும்மா முன்கூட்டியே போய் நின்றவர்கள் வெயிலில் காய்ந்து திரும்பியதால், பாட்டு வந்தால் பொருள் வந்துவிட்டது, பாட்டு வராவிட்டால் யாரும் நகர வேண்டாம் என்று குடியிருப்பு முழுவதும் ஒரு வழக்கம் ஊறிப்போயிற்று. இரண்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பங்களில் பாதி டெய்ரி ஃபார்மில் வந்து குடியேறியபோது, பாத்திரம் பண்டங்களோடு இந்த வழக்கமும் வந்து சேர்ந்தது. கோயிலில் அன்னதானம் தயாரானால் ரேஷன் பாட்டு. கல்யாண வீட்டில் பந்திக்கு ரேஷன் பாட்டு. வங்காளிகளும் தெலுங்கர்களும்கூடக் கற்றுக்கொண்டார்கள். "ராஷன் வாலா பஜ் கயா, சலோ", ரேஷன் பாட்டு வந்தாச்சு நடங்க, என்று கிளம்பினார்கள்.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெரியதம்பியும் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். பாட்டு நான்காவது நிமிடத்தை எட்டி, மாடு கிடைக்கப் போகிற நேரத்தில், கேட்பதற்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். தட்டுச் சத்தமும் "சாம்பார், சாம்பார்" என்ற குரலும்தான் இருக்கும். "அவரு என்ன சோத்து மணியா புள்ள? நானா அடிச்சு அடிச்சு மணியாக்கிப்புட்டேன்" என்று செல்லத்திடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் சண்முகத்திடமிருந்து போன் வந்தது. எந்தத் துறைமுகமோ, கிரேன் சத்தம் கேட்டது.

"அண்ணே, உங்க ஆளு உயிரோட இருக்காரு! புது ஆல்பம் போட்டுருக்காரு. பன்னெண்டு வருசம் கழிச்சுப் போட்டதாம். இங்க கடையில எல்லாம் அதான் ஓடுது."

பெரியதம்பி போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். நல்ல செய்திகளுக்கு அந்தக் காது.

"குரல் எப்புடி இருக்கு தம்பி?"

"வயசாயிடுச்சுண்ணே."

"அது எனக்குந்தான். குரல் எப்புடி இருக்கு?"

"நீங்களே கேளுங்க. சிடிய மெட்ராசுக்குப் போற ஆளுகிட்டக் குடுத்து விடுறேன்."

காத்திருக்க முடியாமல் சங்கவியை நெட் சென்டருக்கு அனுப்பினார். கல்லூரியில் படிக்கிற பெண், எப்படியாவது இறக்கிவிடுவாள் என்று நம்பினார். அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "நாலு பர்சன்ட் வந்துச்சுப்பா. அப்புறம் மழை மேகம் வந்துச்சு. நெட் போயிடுச்சு."

"நாலு பர்சன்ட்னா எவ்வளவு? ஒரு இழுப்பு இழுத்திருப்பாரா?"

"இன்னும் ஒக்காரவே இல்லப்பா அவரு."

சென்னைக் கப்பல் வழக்கமான நான்கு நாளோடு, கடல் சரியில்லாமல் மேலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு வந்தது. கப்பல் வந்து நிற்கும் ஹேடோ துறையில் காலை ஆறு மணியிலிருந்து பெரியதம்பி நின்றார். கப்பலில் வந்த ஒருவர் முருங்கைக்காய்க் கட்டுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவிலிருந்து சிடியை உருவிக் கொடுத்தார். அட்டைப் படத்தில் கெப்பா அண்ணன் நீல அங்கியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய அட்டையில் கறுப்பாக இருந்த தாடி முழுக்க வெளுத்திருந்தது. பெரியதம்பி ஆட்டோ கண்ணாடியில் தன் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டார். திருப்தியாக இருந்தது.

ஆனால் சிடியைப் பிரிக்கவில்லை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சித்திரை முதல் நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அன்று கோயிலில் நானூறு பேருக்கு அன்னதானம். அப்போதுதான் பிரிப்பேன் என்றார்.

"கேட்டுப் பாக்காமயா?" என்றார் செல்லம். "நல்லால்லன்னா?"

"ஒருத்தரு வீட்டுக்கு வர்றாருன்னா, நல்லாருக்காரான்னு மொதல்ல ஜன்னல் வழியாப் பாத்துட்டா கதவத் தொறப்ப? எல்லாரும் சேந்து கேக்கணும். சும்மா கேக்கணும். ஒண்ணும் வாங்காமக் கேக்கணும்."

எட்டு நாளும் தெருவில் கண்டவர்களிடமெல்லாம், "புத்தாண்டுக்குக் கெப்பா அண்ணன் வர்றாரு" என்று சொல்லி வைத்தார். கச்சாலிலிருந்து கூடவே வந்த கிழவி பொன்னம்மா, "வரட்டும்டா. ஆளு சைவமா?" என்று கேட்டார்.

புத்தாண்டு காலையில் ஐந்து மணிக்கு அம்மன் பாட்டுகள் ஆரம்பமாயின. அன்று பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் எதுவும் போடவில்லை. பதினொன்றரைக்குச் சாதம் வடித்து, பூசணிக்காய்க் கூட்டும் பாயசமும் இறக்கியாயிற்று என்று சமையல் பக்கத்திலிருந்து கை காட்டினார்கள். பெரியதம்பி கையைக் கழுவித் துடைத்து, தாளைப் பிரித்து, புதுச் சிடியை உள்ளே தள்ளினார்.

பழைய கோரா ஓடையாக ஓடும் என்றால் இது குளம். ஒரு நரம்பைத் தொட்டுவிட்டு, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார் கெப்பா அண்ணன். குரலில் மணல் ஏறியிருந்தது. மூன்றாவது பாட்டு தொடங்குமுன் ஒரு இருமல். பெரியதம்பி தொடையில் தட்டிக்கொண்டார். "இருமல வெட்டல பாத்தீங்களா! பெரிய மனுசன், பெரிய மனுசன்!" என்று பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் கிருஷ்ணமூர்த்தி மட்டும்தான் நின்றார். அவர் பாட்டைக் கேட்கவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. இலை போட்ட இடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒன்பது பேர் கமிட்டி.

"என்னய்யா, ஒருத்தரையும் காணோம்? ஒருத்தரையும் காணோமே?"

சங்கவி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எல்லாரும் குளிச்சு, புதுத் துணி உடுத்தி, வாசல்லயே ஒக்காந்துருக்காங்கப்பா. ரேஷன் பாட்டு வரட்டும்னு இருக்காங்க. நீங்க இன்னும் மைக் டெஸ்டிங் பண்றீங்களாம்."

கிருஷ்ணமூர்த்தி தலையில் கை வைத்தார். "அவ்வளவுதானே? பழச எடுத்து ஒரு நிமிஷம் போடுய்யா. கூட்டம் வந்ததும் இத மறுபடியும் போட்டுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். பழைய சிடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பெரியதம்பி அதைத் தொட்டும் பார்த்தார். போட்டால் மூன்று நிமிடத்தில் மேடு நிறைந்துவிடும். நானூறு பேரும் இலையைப் பார்த்து உட்காருவார்கள். புதுச் சிடியைப் பிறகு போடலாம். பன்னிரண்டு வருஷம் கழித்து வாயைத் திறந்த மனிதர் சாம்பார் வாளிச் சத்தத்துக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

"ஐயா, பேசிக்கிட்டிருக்கறவர நடுவுல நிறுத்திட்டு, 'சோறு ரெடி'ன்னு அவரையே கத்தச் சொல்றதா?"

"நானூறு பேர் சோறு ஆறுதுய்யா!"

"அரை மணி நேரம் குடுங்க. கூட்டியாறேன். இவர வெச்சே கூட்டியாறேன்."

மூன்றாவது பாட்டு முடியும் வரை நின்றார். அது முடிந்து நான்காவது தொடங்காத இடைவெளியில் பிளேயரை நிறுத்தினார். மடமடவென்று ஒரு குழாயை அவிழ்த்துச் சரக்கு ஆட்டோவின் தலைமேல் கட்டினார். பேட்டரி, சின்ன ஆம்ப்ளிபயர், பிளேயர் எல்லாம் பின்னால் ஏறின. வண்டி கிளம்பியது. பத்தடி தள்ளி ஒரு பள்ளம். நான்காவது பாட்டின் முதல் வரியே 'க்ரீச்' என்று துள்ளி வேறெங்கோ போய் விழுந்தது. ஆட்டுக்குட்டிமேல் வண்டியை ஏற்றிவிட்டவர் போலப் பெரியதம்பி பிரேக்கை மிதித்தார். டெய்ரி ஃபார்ம் ரோட்டில் பள்ளம் இல்லாத பத்தடி எங்கே இருக்கிறது?

கையில் பூசணிக்காய் வாசனையோடு செல்லம் வந்தார். வீட்டுக்குள் போய் ஒரு தலையணையோடு வந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் பிளேயரை வைத்து, குளிப்பாட்டிய குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஓட்டுங்க. நடக்குற மாதிரி ஓட்டணும். எம்மடி குலுங்குச்சு, அப்புறம் இருக்கு."

முதல் கியரில், நடக்கிற வேகத்தில், கெப்பா அண்ணன் டெய்ரி ஃபார்ம் தெருவுக்குள் வந்தார். வாசல் வாசலாக ஆட்கள் தலைசீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை.

பொன்னம்மா வீட்டு எதிரே வந்தபோது கிழவி கையைக் காட்டினார். "டேய் தம்பி, ரேஷன் பாட்ட எப்படாப் போடுவ? பசி உசிரு போவுது."

"இன்னைக்கு ரேஷன் பாட்டு இல்ல பெரியம்மா. வெறும் பாட்டு."

"அப்ப சோறு?"

"சோறு அங்க இருக்கு. பாட்டு இங்க இருக்கு. ரெண்டும் வேற வேற."

பொன்னம்மா யோசித்தார். அவர் நகராமல் அந்த வரிசையில் யாரும் நகர மாட்டார்கள். தகரக் குடியிருப்புக் காலத்திலிருந்தே அப்படித்தான். "இந்தாளா அன்னிக்கிப் பாடுனவரு? கிழடு தட்டிருச்சே."

"ஆமா. ஒங்க வயசுதான் இருக்கும்."

"அட!" கிழவி முகம் மலர்ந்தது. "நின்னு கேக்கலாமாடா?"

"நின்னா நான் போயிருவேன். நடந்தா கேக்கலாம்."

கிழவி எழுந்து சேலையை உதறிக்கொண்டு வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தைப் பிடித்தபடி நடந்தார். அவர் பின்னால் அந்த வரிசை முழுவதும் எழுந்தது. மண்டல் பாபு மனைவி மக்களோடு கூட்டத்தில் சேர்ந்துகொண்டு, "இது பக்கா நாவ்! கேளு, கேளு, நதி!" என்று கத்தினார். "இது மாடு இல்ல, ஒத்துக்கிறேன்" என்று பெரியதம்பி ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார். நாலு வருஷத்தில் அவர் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் முறை.

ஐந்தாவது பாட்டு வேகமானது. கெப்பா அண்ணனுக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தியின் குரலும் சேர்ந்துகொண்டது. பேத்தியாக இருக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பொன்னம்மாவின் கை தானாகவே தகரத்தில் தாளம் போட ஆரம்பித்தது. பிள்ளைகள் முன்னால் ஓடி ரோட்டில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஓரமாக எறிந்தார்கள். லம்பா லைன் திருப்பத்தில் பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பி "ஷ்ஷ்" என்றார்கள். ஜீப்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

திரும்பி வரும்போது கோயில் மேடு. செங்குத்தான ஏற்றம். முதல் கியரில் வண்டி உறுமியது, உதறியது. உறுமலில் கோரா காணாமல் போயிற்று. செல்லம் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, தாண்டப் போவுது, தாண்டப் போவுது" என்றார்.

"பந்த் கரோ பாய்!" என்றார் மண்டல் பாபு. "வண்டிய அணை. நாங்க இருக்கோம்ல."

பெரியதம்பி சாவியைத் திருப்பினார். சட்டென்று மேடு முழுவதும் பாட்டு மட்டும் இருந்தது. இருபது முப்பது கைகள் வண்டியைத் தாங்கித் தள்ளின. புதுப் புடவைக் கைகள், மீன்காரர் கைகள், பொன்னம்மாவின் வளையல் கை. யாரும் ஏலேலோ போடவில்லை. மூச்சைக்கூடப் பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் விட்டார்கள். பெரியதம்பிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காது இரண்டையும் முழுதாகப் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார்.

பந்தலில் கிருஷ்ணமூர்த்தி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். ஏதோ ஒன்றை இரண்டு முறை சொல்லத்தான் போனார். கூட்டம் வாயில் விரலை வைத்ததைப் பார்த்து ஒரு முறையும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

முதல் பந்தியில் நூற்றைம்பது பேர் உட்கார்ந்தபோது எட்டாவது பாட்டு ஆரம்பித்தது. கடைசிப் பாட்டு. எல்லாவற்றையும்விட நீளமானது, இருபது நிமிடம்; எல்லாவற்றையும்விட மெதுவானது. பரிமாறியவர்கள் கரண்டி வாளியில் இடிக்காமல் பரிமாறினார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றவர்கள் கையால் காட்டினார்கள். அப்பளத்தை நொறுக்கிய ஒரு பையனைப் பக்கத்திலிருந்த தெலுங்குக்கார அம்மாள் முறைத்தார். பெரியதம்பி சாப்பிட உட்காரவில்லை. செல்லம் பிளேயரைத் தலையணையோடு வண்டியை ஒட்டிய மேசைமேல் வைத்துவிட்டு, அவர் கையில் ஒரு டம்ளர் பாயசத்தைக் கொடுத்தார். அது கையிலேயே இருந்தது.

"நல்லாருக்கா?" என்றார் செல்லம், மெல்ல.

"கேளு புள்ள. சொல்லிக்கிட்டுத்தான இருக்காரு."

பாயசம் ஓடி, மோரும் ஓடி, பந்தி முடிகிற நேரம் வந்தது. வழக்கமாக யாராவது ஒருவர் இலையை மடித்தால் போதும், நூற்றைம்பது இலையும் சரசரவென்று மடியும், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். வரிசையின் ஓரத்தில் ஒருவர் இலையின் மேல் விளிம்பைப் பிடித்தார். குழாயில் கெப்பா அண்ணன் பாடி முடித்துவிட்டார். நரம்புகள் மட்டும் ஒவ்வொன்றாக, எண்ணி எண்ணி, இறங்கி வந்துகொண்டிருந்தன.

பெரியதம்பி பாயச டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை விரித்து உயர்த்தினார். இலையைப் பிடித்த கை நின்றது. அதற்கடுத்த கையும், அதற்கடுத்த கையும் நின்றன. மூன்று வரிசையிலும் சாதம் ஒட்டிய விரல்கள் இலைக்கு மேலே அப்படியே நின்றன. கடைசி நரம்பு அதிர்ந்து, தேய்ந்து, அடங்கியது. குழாயில் வெறும் 'உஸ்' என்ற காற்றுதான் மிஞ்சியது. அவர் கையை இன்னும் இறக்கவில்லை.